வெள்ளி ஈயின் முகம்

"ஈயோட முகத்துக்கு வந்துட்டியா?" என்று கட்டிலிலிருந்து எதிராஜ் கேட்டார்.

"இருங்க, ஆடுது," என்றாள் வேதநாயகி. ஜன்னலோர மேசையில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து திருகை மெல்ல மெல்லத் திருப்பினாள். மங்கலாகக் கிடந்த வெள்ளை சட்டென்று ஈயாகத் திரண்டது. உடம்பெல்லாம் வெள்ளி மயிர் போர்த்திக்கொண்டு குண்டூசியில் நின்றது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்ட பிறகு, பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில்தான் அவர் படுக்கை. கல்லீரல் போய்விட்டது. கண் மங்கி, ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். இன்று காலை கஞ்சி வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஈப் பெட்டியை எடுக்கச் சொன்னார்.

கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்த காலத்தில், கோடியக்கரை மணல்மேட்டில் ஒரு பெண் ஈயைப் பிடித்தார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. நிபுணர்களுக்கு எழுதிக் கேட்டார். ஆண் கிடைக்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பொங்கல் லீவு என்றால் கோடியக்கரைதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த வேதநாயகியும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போவாள். இராவணன் மீசைப் புல் காலைக் கீறும். மகள் அனுஷா சின்ன வயதில் அந்த மணலில் நின்று வீட்டுக்குப் போகலாம் என்று அழுதிருக்கிறாள்.

மூட்டுவலி வந்து அவரால் ஓட முடியாமல் போனதும், வலை வேதநாயகியின் கைக்கு வந்தது. போன தை மாதம் அடும்புக்கொடி மேல் வெள்ளியாக ஒன்று மினுங்கிற்று. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே வீச்சு. அவர் குடையைப் போட்டுவிட்டு மணலில் தவழ்ந்தே வந்தார். "ஆண்தான் வேதா! கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு!" திரும்பும் பஸ் முழுக்க டப்பா அவர் மடியில். பெங்களூர் வந்து சேர்ந்த வாரமே மஞ்சள் காமாலை. அந்த ஈயை உட்கார்ந்து பார்க்க அவருக்கு வாய்க்கவே இல்லை.

"உணர்கொம்புக்குக் கீழ பாரு. கறுப்பு மயிர் இருந்தா நம்ம ஈ. மொட்டையா இருந்தா கடலோரமெல்லாம் இருக்கறதுதான்."

பார்த்தாள். விளக்கைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். வழவழவென்று மொட்டை.

கஞ்சிக் கிண்ணத்தோடு சுவரோரம் நின்ற அனுஷா, அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: இருக்குன்னு சொல்லு.

"என்ன வேதா?"

ஒரு வார்த்தைதான். அவர் எழுந்து வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் சந்தேகமான ஓர் ஈயைக்கூட அவர் ஆமென்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"மயிர் இல்லீங்க. மொட்டைதான்."

மின்விசிறி கடகடத்தது. தெருவில் கீரைக்காரி கன்னடத்தில் "சொப்பு, சொப்பு" என்று கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்து மறைந்ததும் அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"பழைய பொட்டையை வெச்சுப் பாரு."

மாற்றி வைத்தாள். "இருக்குங்க. நல்லாத் தெரியுது. புருவம் மாதிரி."

"அப்ப ரெண்டும் வேற வேற." அவர் வாயோரம் அசைந்தது சிரிப்பா வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதோட ஆணு இன்னும் அங்கதான் எங்கியோ இருக்கு."

"இருக்கும்."

"நல்லாப் பாத்த," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறையில் அனுஷா வெடித்தாள். "ஒரு பொய் சொன்னா என்னம்மா கொறைஞ்சு போயிடும்? சந்தோஷமா இருந்திருப்பாருல்ல?"

வேதநாயகி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பால் பொங்கி வரும்போது இறக்கிவைத்தாள்.

"என்னைத்தானேடி பாக்கச் சொன்னாரு," என்றாள்.

மதியத்துக்கு மேல் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிற்று. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வைத்தபோது தண்ணீர் உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு, அனுஷாவைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அல்போன்சா தலைமாட்டில் உட்கார்ந்து, மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஈ ஒண்ணு, அப்போலேர்ந்து நெத்தியை வுடவே மாட்டேங்குது," என்று பேப்பரை ஓங்கினாள்.

வேதநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு அல்போன்சா."

குனிந்தாள். முகம் அவர் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அழப்போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அனுஷா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். வேதநாயகி ஈயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டு ஈதான்," என்றாள் கடைசியில்.

முந்தானை நுனியால் மெல்ல ஓட்டினாள். அது எழும்பி, மாலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.