இல்லாத கம்பெனியின் பழுதான லிஃப்ட்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் பிழைப்பிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் நாவல் எழுதினேன், ஒரு நாயும் சீண்டவில்லை. இப்போது சாஃப்ட்வேர் வேலை தேடும் பிள்ளைகளுக்கு, பார்க்காத வேலையைப் பார்த்ததாக அனுபவம் எழுதிக் கொடுக்கிறேன். அதை மட்டும் வரிவரியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

தப்புதான். ஆனால் விளம்பரத்தைப் பாருங்கள்: 'புதியவர்களுக்கான வேலை. இரண்டு வருட அனுபவம் கட்டாயம்.' இதை எழுதினவன் மண்டையில் என்னதான் இருக்கிறது? காலேஜ் முடித்த கையோடு வருகிற பிள்ளை அனுபவத்துக்கு எங்கே போகும்?

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'அவள் கண்களில் ஆயிரம் கனவு—'

சீ. கனவெல்லாம் காலேஜ் விளம்பரப் பலகையோடு இருக்கட்டும்.

இரண்டாவது முயற்சி: தையல்காரம்மாவின் மகள் என் எதிரே உட்கார்ந்து ரெஸ்யூமேயை நீட்டினாள். நாற்பத்தோரு இடத்துக்கு அனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூட ஒருத்தரும் மெனக்கெடவில்லை.

"அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்குண்ணா. இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா அம்மாகூடக் கடையில உக்கார வேண்டியதுதான். நாலு வருஷம் படிச்சது காஜா எடுக்கவான்னு அப்பா குத்திக் காட்டிக்கிட்டே இருக்கார்."

ரெஸ்யூமேயில் உருப்படியாக ஒரே ஒரு வரி இருந்தது. துணி தைத்து முடிந்ததும் வாடிக்கையாளரின் போனுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் புரோகிராம். அம்மா கடைக்காக அவளே எழுதியது, இன்றைக்கும் ஓடுகிறது.

"இதெல்லாம் அனுபவத்துல சேராதும்மா" என்று அதை அடித்துவிட்டேன்.

(இங்கே வாசகர் என்னைத் திட்டலாம். இடம் விட்டிருக்கிறேன்: ...................)

3.

அதற்குப் பதில் ஒரு கம்பெனியைக் கொடுத்தேன். உலகத்திலேயே இல்லாத கம்பெனி. நாலாவது மாடி, எப்போதும் பழுதான லிஃப்ட்.*

"லிஃப்டைப் பத்தி ஒரு தடவை அலுத்துக்கோ. நம்பிடுவாங்க. உனக்காகவே யோசிச்சு எழுதினது."

(*எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வேன். ஆறு வருடமாக அதே கம்பெனி, அதே மாடி, அதே லிஃப்ட். சோம்பேறித்தனம், வேறென்ன.)

4.

இன்டர்வியூ அறையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ரெஸ்யூமேயைப் புரட்டினார். கம்பெனியின் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இங்கேயா வேலை பார்த்தீங்க?"

"ஆமா சார். ரெண்டு வருஷம்."

"நானும் ஆரம்பத்துல... அங்கேதான்." தண்ணீரை எடுத்துக் குடித்தார். "லிஃப்ட் சரி பண்ணிட்டாங்களா?"

அவளுக்கு மனப்பாடம் மட்டும்தான் கைகொடுத்தது. "எங்க சார்! இன்னும் படிதான்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. புரோகிராமிங் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், "சாயங்காலத்துக்குள்ள சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்து அழுதாள். "அவர் நிஜமாவே அங்க வேலை பார்த்தவருண்ணா. நான் தொலைஞ்சேன்."

அவர் பெயரைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் என் எதிரே, அவள் உட்கார்ந்த அதே நாற்காலியில், அதே கம்பெனியை வாங்கிப் போனவர். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் ரகசியமாம், மண்ணாங்கட்டி.

5.

இனி முடிவுகள்.

அ) பயந்துபோய் வேலையைக் கொடுத்துவிடுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தவன், தன் பொய்யை அம்பலமாக்கக்கூடியவளைத் தினமும் எதிரே உட்கார விடுவானா?

ஆ) அவள் உண்மையைச் சொல்ல, அவர் நேர்மையை மெச்சி— எழுதவே கை கூசுகிறது. அப்படி வேலை வாங்கினவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

இ) எழுதப் பேனாவை எடுத்தேன், போன் அடித்தது. சட்டைக்காரர்தான்.

"அண்ணா, எனக்கு ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தீங்களே... அது நிஜமாவே இருக்கா? அங்கேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கா. லிஃப்ட் வரைக்கும் சொல்றா. என்னைப் பத்தி விசாரிச்சுட்டான்னா என் வேலை போயிடும்ணா."

இருக்கிறது என்றால், பயத்தில் அவளைக் கழித்துவிடுவார். இல்லை என்றால், பொய்க்காரி என்று கழித்துவிடுவார். தானும் அதே பொய்யில் ஏறி வந்தது, மேஜைக்கு அந்தப் பக்கம் போனவுடன் மறந்துவிடும்.

சொல்வதற்கு இன்னொன்றும் இருக்கிறது: 'அவளும் உங்களை மாதிரிதான் சார். ஆனா அவளுக்கு வேலை தெரியும். அந்தத் தையல் கடைப் புரோகிராமைக் காட்டச் சொல்லுங்க.' அதைச் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். பிறகு எந்தப் பிள்ளை என்னிடம் வரும்?

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

ஆறு வருடமாகப் பொய் எழுதிப் பழகினவன் நான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. இந்தாருங்கள், போனை நீங்கள் பிடியுங்கள். சீக்கிரம், சாயங்காலம் ஆகப்போகிறது. அவள் இன்னும் அந்தக் கட்டடத்து வாசலில்தான் நிற்கிறாள்.