பொன்னம்மாள் திருடாத கடிகாரம்

1

தமிழ் கூறும் நல்லுலகத்துக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: இந்தக் கதையில் வரும் கடிகாரம் என் கற்பனை. தாங்கி மட்டும் நிஜம்.

ஐரோப்பியச் செல்வந்தர்கள் படுக்குமுன் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து, அதற்கென்றே செய்த அலங்காரத் தாங்கியில் தொங்கவிடுவார்களாம். இறக்கை முளைத்த பித்தளைக் குழந்தை, கையில் கொக்கி. அப்படி ஒன்றைச் சேலத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி, மலைமேல் செம்மேட்டில் தன் விடுதி வரவேற்பறையில் வைத்த சந்தோஷ்குமார், அதற்கு ஒரு வரலாறு எழுதித்தரும்படி என்னைக் கேட்டார். எனக்குத் தங்குமிடமும் நாட்டுக்கோழியும் இலவசம். வரலாறு இதைவிட மலிவாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

2

"பனி கவிந்த ஓர் இரவில் பிரபு எட்வின்..." (வேண்டாம். எல்லாப் பிரபுவும் பனியில்தான் வருகிறார்.)

"மிளகு தேடி மலையேறிய பிரபு எட்வின், தன் தங்கக் கடிகாரத்தை இதில்தான் மாட்டினார். அது இன்றும் துடிக்கிறது."

என் ஆயுளின் சிறந்த வாக்கியம். சந்தோஷ்குமார் சட்டம் போட்டு மாட்டினார். மறுநாள் படித்தும் தொலைத்தார்.

"பொன்னம்மா, கடிகாரம் எங்க?"

"எந்தக் கடிகாரமுங்க? அதுல நான் பாத்ரூம் சாவிதானுங்க மாட்டுவேன்" என்றாள் விடுதியைப் பெருக்கும் பொன்னம்மாள்.

"எழுதியே இருக்குது. சாயங்காலத்துக்குள்ள வரலீன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

நான் குறுக்கிட்டேன். "நீங்க வாங்குறப்பவே கடிகாரம் இல்லையே?"

"அப்ப இல்லீங்க. நீங்க எழுதுனப்புறம் வந்திருக்குமில்ல?"

3

பொன்னம்மாள் கதறியபடி என் அறைக்கு... (இல்லை. விளக்குமாற்றோடுதான் வந்தாள்.)

"ஏனுங்க, நீங்கதான எழுதுனது? நீங்களே அந்த வரிய அடிச்சுருங்க."

"அந்த வாக்கியம் நல்லா வந்திருக்கும்மா..."

"எம்பட பொழப்பும் நல்லாத்தான் வந்துட்டிருந்துச்சுங்க."

கடிகாரத்தைக் குரங்கு தூக்கிப்போனதாக எழுதலாமா என்றேன். குரங்கைப் பிடிக்கவும் தன்னைத்தான் அனுப்புவார் என்றாள். பிறகு அவளே சொன்னாள்:

"அந்தத் தொரை செத்துட்டாருல்லீங்க? பொதைக்கறப்ப கடிகாரத்தையும் கூடவே வெச்சுட்டாங்கன்னு எழுதிருங்க."

எழுதினேன். வாக்கியமும் பிழைத்தது: மண்ணுக்குள் இன்றும் துடிக்கிறது.

4

படித்த சந்தோஷ்குமார் கண்கலங்கினார். பொன்னம்மாளை வேலைக்கு வரச் சொன்னார். பிறகு என்னிடம், "சமாதி எங்கீங்க இருக்குது?" என்றார்.

அந்த வாரமே மரவள்ளிக் காட்டோரம் சிமென்டில் ஒன்று எழுந்தது. விருந்தினர்கள் அதில் காதை வைத்துக் கேட்கிறார்கள். சிலருக்குக் கேட்கவும் செய்கிறது.

இனி யாராவது தோண்டிப் பார்ப்பதா, பிரபுவே எழுந்துவந்து தாங்கியைக் கேட்பதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கோழியைத் தின்றாயிற்று.

சமாதியைப் பெருக்குவதும் இப்போது பொன்னம்மாள்தான். சம்பளம் ஏறவில்லை.