எழுபது வளைவும் ஒரு பக்கமும்

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதை எண்ணி ரசிப்பவர்கள் எல்லாம் காரில் வருகிறவர்கள். பஸ்ஸில் போய்ப் பரீட்சை எழுதியவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். பத்தாவது வளைவில் வாயில் உப்புத் தண்ணீர் ஊறும், முப்பதாவதில் குடல் புரளும், அதற்குமேல் எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

சுகந்திக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். மலைமேல் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். தலைமையாசிரியர் முருகானந்தம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, நின்ற இடத்திலேயே அவள் பத்தாவது வளைவுக்குப் போய்விட்டாள்.

"செய்முறைத் தேர்வுல பக்கம் வடிவமைக்கிற கேள்வி இருக்குதுங்களே டீச்சர். அந்தப் பழைய சாப்ட்வேரு நம்ம புதுக் கம்ப்யூட்டர்ல ஓடலைங்கறீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஏற்பாடு பண்ணலீன்னா, பன்னெண்டு புள்ளைங்களையும் கீழ இருக்கிற பள்ளிக்கோடத்துக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

"கீழ வேண்டாங்க சார். நான் பாத்துக்கறேனுங்க," என்றாள். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியாது. காசு கொடுத்து வாங்கப் பள்ளியில் வழியில்லை. இலவசமாகக் கிடைப்பதைத் தேடலாம் என்றால், பள்ளியின் இணையம் கோடை மழை போல, அது நினைத்தால்தான் வரும். அன்று மதியமே பென் டிரைவை எடுத்துக்கொண்டு மலைமேலேயே இருக்கும் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே அவள் தோழி கண்ணாயி இணைய வசதியோடு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்.

சந்தை நாள். கடை வாசலில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை அடுக்கிவிட்டு யாரோ டீ குடிக்கப் போயிருந்தார்கள். கண்ணாயி ஒருவருக்கு ஆதார் அட்டை நகல் எடுத்துக் கொடுத்தபடியே, "வா புள்ள, உக்காரு," என்றாள்.

இருவருக்கும் மலையில் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒரே ஊர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சேர்ந்து நடந்து பள்ளிக்குப் போனவர்கள். அப்போது பள்ளியில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். கோயிலுக்குக்கூட அவர்கள் அத்தனை பயபக்தியோடு போனதில்லை. ஒன்றின் முன்னால் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பதால், சுகந்திக்குக் கீபோர்டு, கண்ணாயிக்கு மவுஸ் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி நினைப்பதை இன்னொருத்தி கை செய்தது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் சுகந்திக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு கம்ப்யூட்டரை வைத்துத் தேர்வு நடத்த முடியாது என்று கீழே போகச் சொன்னார்கள். அன்று பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் கண்ணாயி வெளியிலிருந்தே கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். முதலில் ஏறிய சுகந்தி அதை எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாயி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். தேர்வு அறையில் மேசையில் கவிழ்ந்த தலையை அவள் கடைசிவரை தூக்கவே இல்லை. பெயிலாகிவிட்டாள். படித்தது போதும் என்று அவள் அப்பாவும் முடித்துக்கொண்டார்.

சுகந்தி வந்த விஷயத்தைச் சொன்னதும், இருவரும் கடைக் கம்ப்யூட்டரில் தேடி, பக்கம் வடிவமைக்கும் சாப்ட்வேர் ஒன்று ஸ்கிரைபஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் இறக்கியது பழையது. அதில் தமிழ் எழுத்துக்கள் கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகச் சிதறின. சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாயி அசரவில்லை. "புதுசா வந்தது ஒண்ணு கீழ இருக்குது பாரு," என்று அதை இறக்கினாள். இதில் எழுத்துக்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. கீழிருந்து தேர்வு நடத்த வரவேண்டிய தேர்வாளர் தனபாலுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "எதுல செஞ்சா என்னங்க, பக்கம் சரியா வந்தாப் போதும்," என்றார்.

"எதையாச்சும் செஞ்சு பாக்கோணுமே," என்றாள் சுகந்தி.

"அன்னிக்கு நமக்கு வந்த கேள்வியவே போடு. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ். ரெண்டு பத்தி, நடுவுல படம், சுத்தியும் கட்டம்." கண்ணாயி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மவுஸு எனக்கு."

சுகந்திக்கு விரல் ஓடவில்லை. "கண்ணாயி, அன்னிக்கு உன்ற கைக்குட்டைய எடுத்துப்போட்டு ஜன்னல் சீட்டுல நான் உக்காந்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் அது என்னை அறுக்குது. என்னாலதான் உன் படிப்பு போச்சு."

கண்ணாயி திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அட கிறுக்கி. டிரைவர் மடியில உக்கார வெச்சிருந்தாலும் நான் வாந்திதான் எடுத்திருப்பேன். அதுக்கெல்லாம் நான் வருத்தப்படலை."

"பின்ன ஒரு மாசம் எங்கூடப் பேசலையே?"

"நீ செஞ்ச பக்கத்துல ஒரு காப்பி உங்கிட்டத் தந்தாங்கல்ல? அதை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டே. என்னாலதான் எழுத முடியலை, எப்படி வந்துச்சுன்னு கண்ணுலயாச்சும் பாக்கலாம்னு இருந்தேன். நீ காட்டவே இல்லை."

காட்டினால் அவள் மனசு நோகும் என்றுதான் சுகந்தி அன்று மறைத்தாள். இருபத்திரண்டு வருடமாகத் தவறான இடத்தில் வலித்துக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கண்ணாயி அவளை அழ விடவில்லை. "டைப் அடி, ஆளுங்க நிக்கறாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு மலைமேலேயே நடந்தது. தனபால் சார் பஸ்ஸிலிருந்து வெளுத்த முகத்தோடு இறங்கி, ஆய்வகத்துக்குள் வந்ததும் வராததுமாக, "எலுமிச்சம்பழம் இருக்குமாங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தெளிவாக உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி அவருக்கு ஓடி ஓடி உபசாரம் செய்தாள். உள்ளுக்குள் அவளுக்கு இருந்த கொண்டாட்டத்தை வெளியில் சொன்னால் பாவம்.

பிள்ளைகள் செய்த ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காப்பி கூடுதலாக எடுக்க அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் அந்தக் கட்டோடு கண்ணாயி கடைக்குப் போனாள். கண்ணாயி கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நகல் எடுக்க வந்த ஒருவர் அவசரப்படுத்தியதற்கு, "செத்த இருங்க," என்றாள்.

பன்னிரண்டுக்கும் அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று இருந்தது. சான்றிதழ்களோடு சேர்த்து, நாலாக மடித்து, சுகந்தி இத்தனை நாளும் பத்திரப்படுத்தியது. கண்ணாயி அதை மெதுவாக விரித்தாள். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கட்டத்தின் கீழ்க்கோடு தாளுக்கு வெளியே போயிருந்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மவுஸு பிடிக்க ஆளில்லாம இப்படித்தான் செஞ்சு வெச்சியா புள்ள?"