இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு கம்ப்ரசரும்

அறையின் சூடு முப்பத்தாறைத் தொட்டபோது தையல்காரி கணவனின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தாள். முப்பத்தெட்டு புள்ளி நான்கு. காலையில் ஏசி நின்றபோது முப்பத்தேழுதான்.

நமக்கெல்லாம் சூடு ஏறினால் வியர்க்கும்; வியர்வை காய்கிறபோது உடம்பின் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். வியர்க்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து கழுத்து வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அவன் பெயிண்டர். மூன்று வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் அந்த வழி கழுத்திலேயே அறுந்துபோயிற்று. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு வியர்வை கிடையாது. அறை சுட்டால் அவனும் சுடுவான். முப்பத்தொன்பதரை ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது டாக்டர் போட்ட கோடு. போன கோடையில் அப்படிப் போனவன், இருபது நாள் கழித்து முதுகில் புண்ணோடும் நெஞ்சில் சளியோடும் திரும்பினான். இன்னொரு தடவை தாங்க மாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

காலையில் ஒரு மெக்கானிக் வந்தான். மொட்டை மாடிக்குப் போனான், மீட்டரை வைத்தான், ஐந்தே நிமிடத்தில் இறங்கினான். “கம்ப்ரசர் செத்துப்போச்சு. புதுசு பதினாறாயிரம், கேஸ் நாலாயிரம், கழட்டி மாட்ட மூணாயிரம். பாதி இப்பவே குடுத்தா நாளைக்குச் சாமான் வரும்.” வந்து பார்த்ததற்கு ஐந்நூறு வாங்கிக்கொண்டு பறந்துவிட்டான். அவள் கையில் மிச்சம் ஆறாயிரம் இருந்தது.

யார் யாருக்கோ போன் போட்டதில் கடைசியாகக் கிடைத்த மெக்கானிக் ‘ஆமை’. நிதானமாக வேலை பார்ப்பதால் ஊர் வைத்த பெயர். மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக எண்ணுவதுபோல ஏறி வந்தார். மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“யாரும்மா இதுக்குச் சட்டை தைச்சது?”

தடித்த கித்தான் துணி. ஓரத்துக்குப் பட்டி, பின்னால் வரிசையாகப் பொத்தான்.

“நான்தாண்ணே. வெயில்ல வாடுதேன்னு. ஒரு மாசமாச்சு. காலையில வந்தவர் கழட்டிப் போட்டாரு, நான் திரும்ப மாட்டிட்டேன்.”

“காலர் ஒண்ணுதான் பாக்கி.” அவர் பொத்தான்களைக் கழற்றினார். “ஏசி குளிரை உண்டாக்குதுன்னு நினைக்கிறியா? இல்லம்மா. ரூம்ல இருக்கிற சூட்டைச் சுமந்துட்டு வந்து இங்க கொட்டுது. இந்த விசிறி அதை ஊதி விரட்டணும். நீ அதோட வாயைப் பொத்தி வெச்சிருக்க.”

“அப்ப நான்தான் கொன்னுட்டேனா?”

“இரு, பார்க்கலாம். ஸ்விட்ச் ஆன்லயா இருந்துச்சு?”

“எப்படியாவது ஓடிடாதான்னு காலையிலேர்ந்து அணைக்கவே இல்லண்ணே.”

“நல்ல ஆளு போ. திரும்பத் திரும்ப எழுந்திருக்கப் பார்த்து, முடியாம, இன்னும் கொதிச்சிருக்கு.” கீழே போய் மெயினை அணைத்துவரச் சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து கம்ப்ரசரின் மூன்று முனைகளிலும் மீட்டரை மாற்றி மாற்றி வைத்தார்.

“இந்த ரெண்டு முனைக்கு நடுவுல ஓட்டம் இருக்கு பாரு. உள்ள சுருள் அறுந்திருந்தா இது காட்டாது. மூணாவது முனைக்கு மட்டும் வழி இல்ல. ஏன்? உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கு. சூடு தாங்கலைன்னா அது வளைஞ்சு விலகிடும். ஆறினா தானா வந்து ஒட்டிக்கும். காலையில வந்தவர் ஆற விடாம செத்துப்போச்சுன்னுட்டாரு.”

“ஆற எவ்வளவு நேரம்ணே?”

“இந்த வெயில்ல மூணு மணி நேரம். தண்ணி ஊத்தினா அரை மணி. ஆறியும் வழி வரலைன்னா அவர் சொன்னதுதான்.”

வீட்டில் இருந்தது இரண்டே வாளித் தண்ணீர். குழாயில் இனி நாளைக் காலையில்தான் வரும். வியர்க்காத உடம்புக்கு ஈரத் துணிதான் வியர்வை. காலையிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கீழே ஓடினாள். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

“என்ன முழிக்கிற?” என்றான் கணவன். சொன்னாள். அவன் உதடு கோணியது. சிரிப்புத்தான். “அதுவும் படுத்துக்கிச்சு, நானும் படுத்துட்டேன். எதுக்குச் செலவு கம்மியோ அதுக்கு ஊத்து.”

“வாயை மூடுங்க.”

அவன்மேல் விரித்திருந்த போர்வையை ஒருமுறை நனைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஆமை மின்முனைகளை மூடிக் கட்டியிருந்தார். அவள் உறையைத் தையலோடு கிழித்துக் கம்ப்ரசரைச் சுற்றிக் கட்டினாள். குவளை குவளையாக, சிந்தாமல் ஊற்றினாள். முதல் நான்கு குவளையும் ஆவியாகவே போயிற்று. வாளி காலியானபோது அவர் மீட்டரை வைத்தார். ஒன்றுமில்லை.

“இன்னும் தொட்டாச் சுடுதும்மா.”

மறுபடி கீழே. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. இப்போது அவன் கேலி பேசவில்லை; கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விட்டான். போர்வை விறைப்பாகக் காய்ந்து கிடந்தது. இருப்பது ஒரு வாளி. இதை அவன்மேல் ஊற்றினால் ஒரு மணி நேரம் ஓடும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மேலே ஊற்றி வீணானால் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. ஒரு குவளையை அவன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினாள். மிச்சத்தைத் தூக்கினாள். மறுபடி மாடி ஏறினாள்.

“மெதுவா ஊத்தும்மா. வேகமா ஊத்தினா சூட்டை வாங்காம ஓடிடும்.”

மெதுவாக ஊற்றினாள். வாளியின் அடி தெரிந்தது. கடைசிக் குவளையைக் கவிழ்த்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீட்டர் ‘பீப்’ என்றது.

“ஒட்டிக்கிச்சு,” என்றார். ஈரத்தைத் துடைத்துவிட்டு, கைக்குள் அடங்குகிற ஒரு உருளையைக் கழற்றிக் காட்டினார். அதன் தலை உப்பியிருந்தது. “கெப்பாசிட்டர். கம்ப்ரசர் எழுந்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிவிடற கை. சூட்டுல இது போனதாலதான் அது எழுந்திருக்கல.”

புதியதை மாட்டினார். அவள் கீழே போய் மெயினைப் போட்டாள். மேலே ஒரு முனகல், ஒரு குலுக்கல், பிறகு விடாத இரைச்சல்.

“கெப்பாசிட்டர் தொள்ளாயிரம், என் கூலி நானூறு,” என்றார் இறங்கி வந்து. “ஒண்ணு சொல்லிடறேன். ஒரு மாசம் வெந்த கம்ப்ரசர். ஒரு வருஷமும் ஓடும், நாளைக்கே நின்னாலும் நிக்கும். நின்னுச்சுன்னா அந்த இருபத்துமூணுதான். நான் போட்டா ரெண்டு கம்மி.”

ஆயிரத்து முந்நூறை எண்ணிக் கொடுத்தாள். அவர் போன பிறகு கட்டிலருகே உட்கார்ந்தாள். குளிர்காற்று வந்தது, ஆனால் பகலெல்லாம் சூட்டைக் குடித்த சுவரும் மெத்தையும் அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பது புள்ளி மூன்று.

“ஓடுதா?” என்றான் கண்ணைத் திறக்காமல்.

“ஓடுது.”

“எத்தனை நாளைக்கு?”

“இன்னைக்கு ஓடுது. பேசாம இருங்க.”

பத்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தாள். முப்பத்தொன்பது புள்ளி மூன்று. ஏறவில்லை. தெர்மாமீட்டரைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.