வீட்டுப் பெண்ணின் சாவி

ஒருத்தியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க, தொழிலாளர் அலுவலகத்தில் படித்த மனிதர்கள் இரண்டு பேர், ஓர் அதிகாரியும் ஒரு வக்கீலும், காலை பத்து மணியிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் வக்கீல்கள் பிழைப்பது எப்படி?

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் ஊமைச்சி. வாய் இருந்தது, பேசத்தான் நேரம் கிடைக்கவில்லை. பதினாறு வயதில், "தூரத்துச் சொந்தம், எங்க வீட்டுப் பொண்ணா இருக்கட்டும்" என்று பெரியம்மா கூட்டிவந்தாள். வந்த அன்றே பள்ளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் "பத்திரமா இருக்கட்டும்" என்று பீரோவுக்குள் போயின. பதினொரு வருடம் கழித்து ஊமைச்சி வெளியே வந்துவிட்டாள். காகிதங்கள் வரவில்லை. அவை இல்லாமல் திங்கட்கிழமை தையல் கம்பெனியில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். கட்டாய வேலை என்று அதிகாரி எழுதினால் காகிதங்களைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வரும். குடும்ப வேலை என்று எழுதினால் ஒன்றும் வராது.

"சங்கிலி போட்டாங்களா? அடிச்சாங்களா? பட்டினி போட்டாங்களா?" என்று பெரியம்மாவின் வக்கீல் விரல்களை மடக்கினார். மூன்று விரல் மடங்கியதும் அடிமைத்தனமே உலகத்தில் ஒழிந்துவிட்டதுபோல் முகம் மலர்ந்தது.

"மிரட்டல்?" என்றார் அதிகாரி, பேனா மூடியைக் கடித்தபடி.

"கோவத்துல ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பாங்க சார். என் சம்சாரம் என்னைச் சொல்லாததா?"

இருவரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் கைக்குட்டைக்குள் அடக்கமாகச் சிரித்தாள்.

அதிகாரி ஊமைச்சியின் பக்கம் திரும்பினார். "நீ எப்பவாவது வேலை செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"ஏன் சொல்லல?"

"செய்றியான்னு யாரும் கேக்கலையே சார்."

அதிகாரி 'இல்லை' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். மிச்சத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

வக்கீல் ஒரு போட்டோ ஆல்பத்தை விரித்தார். பிறந்தநாட்கள், கடற்கரை, புதுக் கார். "இப்படி ஒட்டி வாழ்ந்த குடும்பம் சார்!"

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல நீ எங்கம்மா?"

"எல்லாத்தையும் எடுத்தது நான்தான் சார்."

"பாத்தீங்களா, விலை ஒசந்த போனை நம்பிக் குடுத்திருக்காங்க!" வக்கீலுக்குப் பூசணிக்காயை மறைக்கச் சோறுகூடத் தேவைப்படவில்லை. "வாசக் கதவுச் சாவியே இவ கையிலதான். அடைச்சு வெச்சவங்க சாவியைக் குடுப்பாங்களா?"

சாவி உண்மைதான். நாலரை மணிக்குப் பால் பாக்கெட்டை எடுக்கப் பெரியம்மா எழுந்து வர முடியாதல்லவா? ஓடிவந்த அவசரத்தில் அது ஊமைச்சியின் பையோடு வந்திருந்தது.

"பீரோவ மட்டும் தொட விடமாட்டாங்க சார்" என்றாள் ஊமைச்சி.

"அடிப்பாவி!" பெரியம்மா நெஞ்சில் கைவைத்தாள். "எழுதிக்குங்க சார். பெத்த பொண்ணு வேற, இவ வேறன்னு நான் பாத்ததே இல்ல. கேட்டா பீரோச் சாவியையே கழட்டிக் குடுப்பேன்."

அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதினார்.

ஊமைச்சி எழுந்து கையை நீட்டினாள். "குடுங்க பெரியம்மா. என் காகிதத்த எடுத்துக்கிறேன்."

பெரியம்மா வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் பல்லுக்குள் முணுமுணுத்தார்: "குடுத்துத் தொலைங்கம்மா. இல்லன்னா இவ்வளவு நேரம் நான் பேசினது வீண்."

தன் வாயால் கட்டிய கயிறு. பெரியம்மா கைப்பையைத் துழாவி, பல்லைப் பிடுங்குவதுபோல் சாவியை வளையத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் 'விருப்பம்'ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு பாக்கணும்" என்றார் அதிகாரி. சாவி கைமாறியது அவர் கண்ணில் படவே இல்லை. ஊமைச்சி படியிறங்கினாள்.

வீட்டில் யாரும் இல்லை. பீரோவின் அடித்தட்டில், பழைய பில்களுக்கும் பாச்சை உருண்டைகளுக்கும் நடுவே அவளுடைய உறை இருந்தது. அதை மட்டும் எடுத்தாள். பூட்டினாள். இரண்டு சாவிகளையும் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.

திங்கட்கிழமை தையல் கம்பெனியில் சேர்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மூன்று பக்கம். விசாரணையின் பாதியில் அவள் யாரும் தடுக்காமல் தன் விருப்பப்படி எழுந்து போனாளாம். விருப்பம்போல் எழுந்து போகக்கூடியவளைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்ததாகக் கருத முடியாதாம். முத்திரை வேறு.

ஊமைச்சி அதை இரண்டு முறை படித்தாள். அவள் சேர்ந்த நாளிலிருந்தே அவளுடைய தையல் மிஷினுக்கு ஒரு கால் ஆட்டம். மூன்று பக்கத்தையும் சேர்த்து நாலாக மடித்து அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. அந்த அலுவலகத்தில் அத்தனை பேர் செய்த வேலையில் உருப்படியானது அது ஒன்றுதான்.