வெளிச்சம் பிடித்தவர்கள்

ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது. இருப்பது மூன்றடி உயரம். தலைக்கு மேலே பழுப்பு நிலக்கரி ஆறுபோல ஓடும், சிந்துவதெல்லாம் கீழே. விடியற்காலைப் பனியில் நனைந்த கரி, சேறாகி உருளைகளைச் சுற்றி அப்பிக்கொள்ளும். குந்தியபடியே அதை மண்வெட்டியால் சுரண்டி, இரும்புச் சட்டியில் அள்ளி, தவழ்ந்து வெளியே தள்ள வேண்டும். உருளைகள் போடுகிற கிரீச்சில் பக்கத்தில் இருப்பவரின் இருமல்கூடக் கேட்காது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

இப்படிக் குனிவதற்கு முன் தினமும் ஒரு தடவை நிமிர வேண்டும். கேட் கொட்டகையில் தொங்கும் வருகைப்பதிவு மிஷினுக்கு முகம் காட்ட.

மிஷினின் பெயர் வதனம். மாட்டியவர் ஒப்பந்தக்காரர் ராஜேந்திரன். அவர் பெயருக்கு முன்னால் 'தொழில்மாமணி' உண்டு. பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர் என்பதால் தேர்வுக் குழுவுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. திறப்பு விழாவில் அவர் முழங்கினார்: "மனுசன் பொய் சொல்வான். மிஷின் சொல்லாது!"

நெய்வேலி முதல் ஷிப்ட் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். காரணம் இருந்தது. பழைய நோட்டில் சூபர்வைசருக்குப் பிடிக்காதவர்களெல்லாம் வேலை செய்துகொண்டே 'ஆப்சென்ட்' ஆவார்கள். அந்த நோட்டே வேண்டாம் என்று மனு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். ஆயுதபூஜையன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வேறு இட்டார்கள். பொட்டு, சரியாகக் கேமராவின் மேல். அன்று முழுக்க அது ஒருவரையும் அடையாளம் காணவில்லை.

"சாமி கண்ணத் தொறக்க மாட்டேங்குது," என்றான் கொளஞ்சிநாதன். வாய்க்கு அவன், எழுத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

பொட்டைத் துடைத்த பிறகும் சங்கடம் தீரவில்லை. கொட்டகையில் பல்பு கிடையாது. விடிவதற்கு முன்னால் நம்மூர் நிறத்து முகங்கள் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. வரிசையில் பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவரின் முகத்தில் செல்போன் டார்ச்சை அடிப்பார். "நன்றி" என்று மிஷின் சொன்னதும் அடுத்த ஆள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் முதலில் பதிந்தவர் திரும்பி வந்து அவருக்கு வெளிச்சம் பிடிப்பார்.

கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையில் முதல் ஆள் சாமிக்கண்ணு. அன்று ஆறரை மணிக்கு உருளை அவனுடைய வலது கையை இழுத்துக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தும் கயிறு அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மத்தியானத்துக்குள் கயிறு புதிதாகிவிட்டது. ராஜேந்திரனின் கம்ப்யூட்டரில் சாமிக்கண்ணு அன்று வேலைக்கே வராதவன் ஆகிவிட்டான்.

"மிஷின்ல இல்லப்பா," என்றார் ராஜேந்திரன். "அத்துமீறி உள்ள நொழஞ்சிருக்கான். என்ன நோக்கமோ."

"ஆமாங்க," என்றான் கொளஞ்சிநாதன். "ஹெல்மெட்டு போட்டுகினு, மம்புட்டிய எடுத்துகினு, பெல்ட்டுக்கு அடியில கரிய வழிச்சிகினு அத்துமீறிக்கிறான். இவ்ளோ மோசமான ஆள நாங்க பாத்ததே இல்லீங்க."

தொழிலாளர் துறை அதிகாரி சத்யப்பிரியா நேர்மையானவர். அன்றைய பதிவின் மூலத்தைக் கேட்டு வதனம் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். நான்கு பக்கத்தில் பதில் வந்தது. கொட்டகைக்கே வந்து அதைப் படித்துக் காட்டினார்.

"தகவல் அயர்லாந்து நாட்டு சர்வர்ல இருக்குதாம். நம்ம அரசாங்கம் கேட்டாலும் தர முடியாதாம். வாடிக்கையாளரோட அந்தரங்கம் அவங்களுக்கு உயிர் மாதிரியாம்."

"வாடிக்கையாளருன்னா யாருங்க மேடம்?" என்று கேட்டாள் அம்சவல்லி. குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய ஷிப்டில்தான் வீட்டு உலை கொதிக்கிறது.

"ராஜேந்திரன்."

"மூஞ்சி எங்குளுதுங்களே?"

"மூஞ்சி உங்களது. தகவல் அவரோடது."

அந்த வாரம் அந்த நிறுவனத்தின் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் படத்தோடு பத்திரிகையில் வந்திருந்தார். எந்த அரசுக்கும் அஞ்சமாட்டாராம். அரசாங்கம் கண்டவர் செல்போனைத் துழாவுவது அக்கிரமம். அதை எதிர்ப்பவரைக் கும்பிடத்தான் வேண்டும். சாமிக்கண்ணுவும் கும்பிட்டிருப்பான். ஒற்றைக் கையால் எப்படி என்பதுதான் தெரியவில்லை.

"கோர்ட் மூலமா வாங்கலாம். வருசக்கணக்கா ஆகும்," என்றார் சத்யப்பிரியா. "வேலையில நடந்த விபத்துன்னு பதிவாகலன்னா, வர்ற வெள்ளிக்கிழம அவர ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிடுவாங்க. ரெண்டாவது ஆபரேஷன் கெடையாது; கை தோள் வரைக்கும் அழுகிப் போயிடும். அன்னிக்கி அவரப் பாத்தவங்க எழுதிக் கையெழுத்து போட்டாப் போதும். யார் பாத்தது?"

இருபத்தோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். கொளஞ்சிநாதன் தன் செருப்பை ஆராய்ந்தான். பொங்கலுக்குள் அவனை சூபர்வைசராக்குவதாக ராஜேந்திரன் சொல்லியிருந்தார்.

"பாத்தேன்னு இல்லீங்க மேடம்," என்றாள் அம்சவல்லி மெதுவாக. "வெளிச்சம் புடிச்சேன். அவரு மூஞ்சியில நாந்தான் லைட்டு அடிச்சேன். மிஷினு நன்றின்னு சொல்லிச்சி. காதால கேட்டேன்."

கையெழுத்துப் போட்டாள். அவள் ஒருத்திதான்.

மறுநாள் விடியலில் பனி கொட்டகைக்குள்ளேயே இறங்கியிருந்தது. மிஷினின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அம்சவல்லி முன்னே நின்றாள். பின்னால் நின்ற பட்டம்மாள் வெளிச்சம் பிடித்தாள்.

"முகம் பொருந்தவில்லை."

முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள்.

"முகம் பொருந்தவில்லை."

மூன்றாம் முறையும் அதையே சொன்னது. அம்சவல்லி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கார்க் கதவு சாத்தப்படும் சத்தம். அந்த நேரத்தில் தொழில்மாமணி அதுவரை அங்கே வந்ததில்லை.

"மிஷின் சொல்லுது. நான் என்னம்மா செய்ய முடியும்? வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு." வரிசையை நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணம் நின்றார். "வேற யாருக்காவது வெளிச்சம் புடிச்ச ஞாபகம் வந்தா சொல்லுங்க. மிஷினுக்கு மறதி ஜாஸ்தியாயிகினு வருது."

தூரத்தில் பெல்ட் ஓடத் தொடங்கும் சங்கு ஊதியது.

வரிசையின் கடைசியிலிருந்து கொளஞ்சிநாதன் முன்னால் வந்தான். தினமும் தாமதமாக வருகிறவன். தினமும் கடைசி ஆள்.

"எனக்கு ஒரு ஞாபகம் வருதுங்க," என்றான். குரலில் வழக்கமான கேலி இல்லை. "அன்னிக்கி நான் வேலைக்கு வந்தேனா?"

"வந்த. மிஷின்ல இருக்குதே."

"எனக்கு வெளிச்சம் புடிச்சது யாரு?"

ராஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொத ஆளு திரும்பி வந்து கடைசி ஆளுக்குப் புடிக்கணும். அதான் எங்க வழக்கம். சாமிக்கண்ணு வந்து புடிச்சான். 'நாளைக்காவது நேரத்தோட வாடா'ன்னு திட்டிகினே புடிச்சான். அவன் வரலன்னா நானும் வரல. என்னையும் அழிச்சிடுங்க."

"அன்னிக்கி அம்சவல்லிக்கு நான் புடிச்சேன்," என்றாள் பட்டம்மாள். "அவ வந்தா, அவ முன்னாடி நின்ன ஆளும் வந்தாரு."

"பட்டம்மாளுக்கு நானு."

"அவருக்கு நானு."

பேச்சு வரிசையில் பின்னோக்கிப் போயிற்று, டார்ச் வெளிச்சம் போகிற மாதிரி. பட்டம்மாள் அம்சவல்லியின் தோளில் கைவைத்து மறுபடி மிஷின் முன்னால் கொண்டுவந்தாள். தானும் பக்கத்தில் நின்றாள். கொளஞ்சிநாதன் நின்றான். பின்னால் மற்றவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இருபத்தோரு செல்போன்கள் எரிந்தன. கொட்டகை பகல்போல ஆயிற்று.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ராஜேந்திரன் யாருக்கோ போன் போட்டபடி காரை நோக்கி நடந்தார். கேட்டுக்கு வெளியே ஜீப் ஒன்று வந்து நிற்பது கேட்டது; போலீசா, சத்யப்பிரியாவா, பனியில் தெரியவில்லை.

"ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிற்கவும்," என்றது மிஷின்.

யாரும் நகரவில்லை.