ரெண்டு பத்துச் சங்கு

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறையில் முத்துச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அவள் செய்த கோளாறு இப்போது திரையில் நின்று முறைத்தது: 'இந்தக் கெர்னலில் பிபிபி வசதி இல்லை.'

மின்னல் வருமுன் சங்கு ஊதி ஆட்களை வெளியேற்றும் பெட்டி அது; அதைப் பராமரிப்பது அவள் வேலை. கம்பெனிக்குள் செல்போனுக்குத் தடை. அதனால் பழைய போன் வயரில் மோடம் மாட்டி, மின்னல் கண்காணிக்கும் நிலையத்தை டயல் செய்யும். அங்கேயும் எடுத்துப் பேச ஆள் கிடையாது, மெஷின்தான். பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்து உருவாக்கியபோது, போன் வயர் வழியே சேதி வாங்கும் பிபிபி வசதி வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த மகராசி வேண்டாம் என்று தட்டிவிட்டாள். இந்தக் காலத்தில் டயல்-அப் எவனுக்கு வேண்டும் என்ற எகத்தாளம். இப்போது மோடம் டயல் செய்கிறது, மறுமுனை எடுக்கிறது, சேதி மட்டும் வந்து சேரவில்லை.

பதிலை மாற்றி மறுபடி கம்பைல் ஓடவிட்டாள். முடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். மணி இரண்டு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஏழாம் ரூமில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவர்களில் அவள் அம்மா பாலம்மாளும் ஒருத்தி.

போர்மேன் காளீஸ்வரனிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, பெட்டி வேலை செய்யல. ஆளுகள வெளிய கூப்பிடுங்க."

"சங்கு ஊதலையே தாயி."

"அதான் சொல்லுதேன், அது ஊதாது. தப்பு என்னோடது."

"மேகத்தப் பாத்து போன மாசம் ரெண்டு தடவ எந்திரிக்க விட்டேன். மழையே இல்ல. இனி சங்கு ஊதாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாக. இரு, கேட்டுட்டு வாரேன்."

அவர் கேட்டுவிட்டு வருகிறவரை இடி காத்திருக்குமா? தூரத்தில் ஒருமுறை உறுமிவிட்டது. முத்துச்செல்வி ஆபீசுக்குத் திரும்பி ஓடினாள். பெட்டியிலிருந்து சங்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் பிடுங்கி, பெட்டி செய்யவேண்டிய சுவிட்ச் வேலையைத் தானே செய்வதுபோல், கையாலேயே சேர்த்துப் பிடித்தாள்.

சங்கு அலறியது. ரூம் ரூமாக எல்லாரும் போட்டது போட்டபடி வாசல் கேட்டுக்கு ஓடினார்கள். கடைசி ஆளும் வெளியே வந்து ஐந்து நிமிஷம் இருக்கும், ஏழாம் ரூமுக்குப் பின்னால் நின்ற பனைமேல் இடி விழுந்தது. மரம் உச்சியிலிருந்து பிளந்து எரிந்தது. நல்லவேளை, கூடவே கொட்டிய மழை அதை அணைத்துவிட்டது.

"பெட்டி காப்பாத்திருச்சி," என்றார் காளீஸ்வரன். முத்துச்செல்வி உண்மையைச் சொல்லாமல் ஆபீசுக்கு நடந்தாள்.

மழை வெறித்து வெயில் அடித்தது. கம்பைல் முடிந்திருந்தது. வயர்களைப் பழையபடி மாட்டி, புது கெர்னலை ஏற்றினாள். மோடம் டயல் செய்தது. இந்தத் தடவை இணைப்பு கிடைத்தது.

உடனே சங்கு அலறியது. ரூமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் திகைத்து நின்றது. பாலம்மாள் ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, வானம் வெளுத்துக் கெடக்கு. இப்ப எதுக்கு ஊதுது?"

முத்துச்செல்வி திரையைப் பார்த்தாள். இணைப்பு இல்லாமல் நிலையத்தில் தேங்கிக் கிடந்து இப்போது வந்து சேர்ந்த எச்சரிக்கையின் நேரம் இரண்டு பத்து. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்திரண்டு.

"இது ரெண்டு பத்துக்கு ஊதியிருக்கணும்மா," என்றாள். "முன்னாடி ஊதினது பெட்டி இல்ல, நான்."

பாலம்மாள் திரும்பி, ஏழாம் ரூமுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த பனையைப் பார்த்தாள். அப்புறம் மகளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.